கன்சோல் கேள்வி பதில்: தயவுசெஞ்சு ஷோகேஸுக்குள்ள வைக்காதீங்க

கடைக்கு லீவு, சாப்பிட்டாச்சு, கரண்டும் இருக்கு. டிவியில மாட்டி ஆடுற கன்சோல் பத்திக் கேளுங்க. மதுரை செல்லூர்ல கேம் கடை போட்டிருந்த காலத்துல இருந்து இப்ப சர்வீஸ் பார்க்கிற வரைக்கும் கையில பட்டதை வச்சுத்தான் பேசுவேன். கம்ப்யூட்டர் கேமுக்கு வேற ஆளைப் பாருங்க. மொபைல் கேம்னு வந்தா கும்பிடு போட்டு அனுப்பிடுவேன்.

திருநகர்: அண்ணே, பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) வாங்கப் போறேன். டிஸ்க் போடுறதா, டிஜிட்டலா?

டிஸ்க். 2021 பிப்ரவரி 2-ல இந்தியாவுக்கு வந்தப்ப டிஸ்க் மாடல் 49,990, டிஜிட்டல் 39,990. பத்தாயிரம் மிச்சம்னு நிறைய பேர் டிஜிட்டலைத் தூக்கிட்டுப் போனாங்க. ஒரு புதுக் கேம் ஐயாயிரம் ரூபாய்க்குப் பக்கத்துல வருது. டிஸ்க்கா இருந்தா முடிச்சுட்டு எக்சேஞ்ச் போடலாம், சித்தப்பா பையனுக்குக் கொடுத்துட்டு அவன்கிட்ட இருக்கிறதை வாங்கிக்கலாம். டிஜிட்டல்ல வாங்கினா அது உங்க அக்கவுன்ட்டோட ஒட்டிக்கிட்டு அங்கேயே கிடக்கும். மூணு நாலு கேம் கைமாறினா அந்தப் பத்தாயிரம் திரும்பிடும். ஏற்கனவே ஸ்லிம் டிஜிட்டல் வாங்கினவங்க அழ வேணாம், டிரைவைத் தனியா வாங்கி மாட்டலாம். முதல் தடவை மாட்டும்போது இன்டர்நெட் வேணும், அவ்வளவுதான்.

காசு மிஞ்சினா ரெண்டாவது கன்ட்ரோலர் வாங்குங்க. ஹெட்செட், ஸ்டாண்டு, கலர் லைட்டு எல்லாம் அப்புறம்.

பழங்காநத்தம்: பிஎஸ்4 அண்ணே. மத்தியானம் போட்டா அரை மணி நேரத்துல கிரைண்டர் ஓடுற சத்தம், அப்புறம் தானா ஆஃப் ஆயிடுது. ராத்திரி ஒழுங்கா ஓடுது. என்ன கோளாறு?

எங்க வச்சிருக்கீங்கன்னு நான் கேக்கவே வேணாம். டிவிக்குக் கீழே கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ், சரியா?

இதை எல்லாரும் படிங்க. பிளேஸ்டேஷன் மேனுவலை எடுத்துப் பாருங்க, 5 டிகிரியில இருந்து 35 டிகிரிக்குள்ள ஓட்டணும்னு போட்டிருக்கும். நம்ம ஊர்ல சித்திரை பிறந்தாலே வெளியில 38, 39. மொட்டை மாடி ரூம்னா ராத்திரி பத்து மணிக்கும் சுவர் கொதிக்குது. அதுல கதவைச் சாத்தின பெட்டிக்குள்ள கன்சோலை வச்சா, தான் விட்ட சூட்டையே திரும்ப இழுத்துக்கும். ஃபேன் என்னதான் சுத்தினாலும் உள்ள வர்றது வெந்த காத்துதானே? தாங்க முடியாமத்தான் தன்னைத் தானே அணைச்சுக்குது. நியாயமா அதுக்கு நீங்க நன்றி சொல்லணும்.

போன வாரம் ஒரு பிஎஸ்4 வந்துச்சு. மேல் மூடியைக் கழட்டினா சூட்டை இறக்குற ஹீட்சிங்க் தகடே தெரியலை, அதுக்கு மேல சாம்பல் கலர்ல ஒரு போர்வை. தொட்டா தூசி இல்லை, பிசுக்கு. மோந்து பார்த்தா சாம்பிராணி வாசம். ஷோகேஸ்ல மேல் தட்டு முருகன் படம், கீழ்த்தட்டு கன்சோல். வாரா வாரம் போட்ட புகையை மிஷின் பக்தியா இழுத்து வச்சிருக்கு. பவர் சப்ளை பக்கம் ஒரு கரப்பான் கருகி ஒட்டியிருந்துச்சு. கரப்பானுக்குக் கதகதப்பான இடம் பிடிக்கும், பிஎஸ்4-ல அது நுழையற அளவுக்கு இடுக்கு இருக்கு.

செய்ய வேண்டியது: வெளியில எடுத்து வைங்க, நாலு பக்கமும் ஒரு சாண் இடம் விடுங்க. பழைய பிஎஸ்4-ல பிராசஸர் மேல சூட்டைக் கடத்தத் தடவின பேஸ்ட் காஞ்சு பவுடராயிருக்கும், தெரிஞ்ச ஆள்கிட்டக் கொடுத்து மாத்துங்க. பிஎஸ்5 வச்சிருக்கிறவங்க இதைப் படிச்சுட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீங்க. அதுல பேஸ்ட் இல்லை, திரவ உலோகம். ஒரு சொட்டு போர்டுல சிதறினா ஷார்ட். உங்களால முடிஞ்சது பக்கத் தகட்டைக் கழட்டி, தூசி சேரட்டும்னே அவங்க விட்டிருக்கிற ஓட்டையில வாக்வம் காட்டுறது. அதோட நிறுத்திக்கங்க.

மேலூர்: நான் கன்ட்ரோலரைத் தொடவே இல்லை, ஆளு தானா இடது பக்கம் நடக்கிறான்.

டிரிஃப்ட். பேய் ஓட்டுற ஆள்கிட்டப் போக வேணாம். ஸ்டிக்குக்கு அடியில கரி பூசின தடம் ஒண்ணு, அது மேல ஒரு சின்னத் தகடு உரசிக்கிட்டே இருக்கும். உரசின இடம் தேஞ்சா மிஷினுக்கு நடு எதுன்னு மறந்துபோகும். பெரும்பாலான கம்பெனி கன்ட்ரோலர்ல உள்ளது இதுதான், உரசுறது எல்லாமே ஒருநாள் தேயும். கேம் செட்டிங்ஸ்ல டெட்ஸோன், அதாவது ஸ்டிக் லேசா அசைஞ்சா கண்டுக்காத அளவு, அதைக் கூட்டி கொஞ்ச நாள் ஓட்டலாம். அப்புறம் ஸ்டிக் மாத்தணும், பதினாலு கால் ஈயம் எடுத்து வைக்கிற வேலை, வீட்டு சால்டரிங் அயர்ன்ல முயற்சி பண்ணி போர்டைக் கிழிச்சுட்டு வராதீங்க.

காந்தம் வச்ச ஹால் எஃபெக்ட் ஸ்டிக் இப்ப வருது, உரசலே இல்லை. புதுசுன்னு விளம்பரம் பண்றாங்க. 1998-ல வந்த சேகா ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலர்லயே இது இருந்துச்சு. பாவம், கன்ட்ரோலர் உழைச்சுது, கம்பெனி கன்சோல் வியாபாரத்தையே விட்டுட்டுப் போயிடுச்சு.

அண்ணாநகர் அக்கா: தம்பி, என் பையன் விளையாடும்போது நான் திட்டுறது எல்லாம் அந்தப் பக்கம் யாருக்கோ கேக்குதாமே, நிஜமா?

நிஜம்தான்க்கா. பிஎஸ்5 கன்ட்ரோலருக்குள்ளயே மைக் இருக்கு. நீங்க "எருமை, தண்ணி வந்துருச்சு, குடத்தை எடு"ன்னு சொன்னதை பிரேசில்காரன் வரைக்கும் கேட்டிருப்பான். நடுவுல பிஎஸ் பட்டனுக்குக் கீழே ஒரு சின்னக் கோடு மாதிரி பட்டன், அமுக்கினா ஆரஞ்சு லைட் எரியும். எரிஞ்சா மைக் கட். ஒவ்வொரு தடவையும் மறந்துபோகும்னா சவுண்ட் செட்டிங்ஸ்ல மைக்ரோஃபோனுக்குள்ள போய், உள்ள நுழையும்போதே மியூட்னு வச்சுடுங்க. திட்டுறதை நிறுத்த வேணாம்.

உசிலம்பட்டி: பிஎஸ்5 டிஸ்க்கா டிஜிட்டலா ப்ரோ?

முதல் பதில்.

சோழவந்தான்: சார், பரண்ல இருந்து எங்க பழைய டெர்மினேட்டர் வீடியோ கேமை எடுத்தோம். மரியோ, கான்ட்ரா எல்லாம் ஓடுது. வாத்து சுடுற துப்பாக்கி மட்டும் புது எல்இடி டிவியில சுடவே மாட்டேங்குது. துப்பாக்கி போயிருச்சா?

வாங்க, இந்த மாதிரி கேளுங்க! துப்பாக்கி நல்லாத்தான் இருக்கும். டிவிதான் பிரச்சனை.

முதல்ல ஒண்ணு. அந்தத் துப்பாக்கியில இருந்து எதுவும் வெளிய வராது. அது சுடுறதில்லை, பாக்குது. மூக்குல ஒரு வெளிச்சம் உணர்ற கண்ணு. விசையை இழுத்ததும் திரை ஒரு இமைப்பொழுது முழுக்க கறுப்பாகும், அடுத்து வாத்து இருக்கிற இடத்துல மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வந்துட்டுப் போகும். கறுப்பு, உடனே வெள்ளை, ரெண்டையும் வரிசையாப் பார்த்துச்சுன்னா வாத்து செத்துச்சு. கறுப்பு எதுக்குன்னா, பய குண்டு பல்பைக் குறி வச்சு ஏமாத்தக் கூடாதுன்னு. 1984-லயே நம்ம ஆளுங்க புத்தியை கேமைச் செஞ்சவன் கணிச்சு வச்சிருக்கான்.

இது முழுக்க குழாய் டிவியை நம்பிச் செஞ்சது. அதுல மேலிருந்து கீழே கோடு கோடா வெளிச்சம் ஓடும், சிக்னல் வந்த அந்த நொடியே திரையில இருக்கும். எல்இடி டிவி வாங்கின படத்தை உள்ள வச்சு மெருகேத்தி, கொஞ்சம் தாமதமாத்தான் காட்டுது. துப்பாக்கி பாக்கும்போது வெள்ளைக் கட்டம் இன்னும் வரலை. வரும்போது கன்சோல் "தவறிப்போச்சு"ன்னு முடிவு பண்ணி, கேம்ல வர்ற நாயைச் சிரிக்க விட்டிருக்கும். கேம் மோடு போட்டாலும் சரியாகாது. குழாய் டிவி யார் வீட்டுலயாவது மூலையில கிடந்தா கேட்டு வாங்குங்க.

இன்னொண்ணு, உங்க வீட்டுல அண்ணன் தம்பி இருந்தா இப்ப பழைய பஞ்சாயத்து கிளம்பும். ஒத்தை வாத்து ஆட்டத்துல, ஒருத்தன் துப்பாக்கி பிடிச்சிருக்கும்போது இன்னொருத்தன் கன்ட்ரோலரால வாத்தைத் தன் இஷ்டத்துக்கு வளைச்சு வளைச்சு ஓட்டலாம். பக்கத்துல சும்மா உக்காந்திருந்த அண்ணன் ஏன் கன்ட்ரோலரைக் கீழே வைக்கவே இல்லைன்னு இப்ப யோசிச்சுப் பாருங்க.

ஆனையூர்: எக்ஸ்பாக்ஸ் 360, மூணு சிவப்பு லைட். துண்டைச் சுத்தி சூடாக்கினா சரியாகும்னு ஃப்ரெண்ட் சொல்றான்.

அந்த ஃப்ரெண்டைச் சுத்துங்க. சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி உள்ளே இணைப்பு விட்டுப்போனதுதான் அந்த நோயே. அதுக்கு மருந்தா இன்னும் சூடு! ஒரு நாள் உயிர் வரும், மறுநாள் கரண்ட் பில்லு மட்டும் வரும். 2007-ல மைக்ரோசாஃப்ட்டே இதுக்கு மூணு வருஷ வாரன்டி நீட்டி, நூறு கோடி டாலருக்கு மேல செலவு ஒதுக்கினாங்க. துண்டுல சரியாகும்னா அவங்க நூறு கோடிக்கும் துண்டு வாங்கியிருக்க மாட்டாங்களா?

வில்லாபுரம்: அண்ணே ஒரு நியாயம் சொல்லுங்க. டெக்கன் சண்டை கேம்ல என் ஃப்ரெண்ட் எப்பவும் எட்டி கோர்டோவையே எடுக்கிறான். ரெண்டு உதை பட்டனைக் கண்ணை மூடிக்கிட்டு அமுக்குறான், ஜெயிக்கிறான். இது விளையாட்டா?

புதுசா வந்தவங்களுக்குச் சொல்லிடறேன்: எட்டி பிரேசில் ஆளு, கப்போயிரா ஆடுறவன், டெக்கன் 3-ல வந்தான். டெக்கன்ல நாலு பட்டன், நாலு கைகால். சதுரம் இடது கை, முக்கோணம் வலது கை, எக்ஸ் இடது கால், வட்டம் வலது கால். மத்த ஆளுங்களுக்குக் கண்டபடி அமுக்கினா கண்டபடி ஆடும். எட்டிக்கு மட்டும் கண்டபடி அமுக்கினாலும் கச்சேரி மாதிரி வரும். கைக்குப் பதிலா தலை தரையில, கால் உன் மூஞ்சியில.

என் கடையில எட்டியால உடைஞ்ச கன்ட்ரோலரும் முறிஞ்ச சிநேகமும் நிறைய. கடைச் சட்டம் தோத்தவன் காசு. எட்டியை எடுத்தவன் ஒரு வாரம் ஓசியில ஆடுவான். கேட்டா "கேம்ல இருக்கிற ஆளைத்தானே எடுத்தேன்"ம்பான்.

வாடிப்பட்டி: அது சரிதானே? கேம்ல இருக்கிற ஆளு. தடுக்கத் தெரியாதவன் அழுவுறான்.

வில்லாபுரம்: இவன்தாண்ணே அந்த ஃப்ரெண்டு.

ஓ. ரெண்டு பேரும் வந்தாச்சா.

வில்லாபுரம், முதல்ல உனக்கு. நீ தோக்கிறது எட்டிகிட்ட இல்லை, பதட்டத்துகிட்ட. அவன் சுத்த ஆரம்பிச்சதும் நீயும் முன்னாடி போய் மேல்குத்து விடுற. அவன் தலைகீழா நிக்கிறான், உன் குத்து அவனுக்கு மேல காத்துல போகுது. பின்னாடி நகரு. உதை எட்டாத தூரத்துல நின்னு அவனைச் சுத்த விடு. ஒரு சுத்து முடியற இடத்துல சின்னதா, வேகமா ஒண்ணு. தாழ வர்ற உதைக்கு உக்காந்து தடு, நடுவுல வர்றதுக்கு நின்னு தடு. கண்ணை மூடி அமுக்குறவனுக்கு அடுத்து என்ன வரும்னு அவனுக்கே தெரியாது. அதுதான் அவன் பலம், அதேதான் பலவீனமும். நீ தடுத்துட்டேன்னு தெரிஞ்சும் அவனால நிறுத்த முடியாது.

மேலூர்: அண்ணே, டிரிஃப்ட் கேட்டவன்தான். எட்டியைத் தடை பண்ணணும்ணே. எங்க தெருவுல தடை.

வாடிப்பட்டி: தடை பண்ணா நான் கிறிஸ்டி எடுப்பேன்.

பாரு, அதே ஆட்டம், ஆளு மட்டும் வேற. தடையில ஒண்ணும் ஆகாது. லாகூர்ல ஆர்கேட் கடையில ஆடி வளர்ந்த அர்ஸ்லான் ஆஷ், 2019-ல ஒரே வருஷத்துல எவோ ஜப்பான், லாஸ் வேகாஸ் எவோன்னு ரெண்டு பெரிய சண்டை கேம் போட்டியிலயும் டெக்கன் 7 பட்டம் அடிச்சான். அதுவரைக்கும் கொரியாக்காரங்களும் ஜப்பான்காரங்களும்தான் ராஜா. நம்ம மாதிரி ஊர்ல, காசு போட்டு ஆடுற கடையில வளர்ந்த ஆளு. அங்க தோத்தா காசு போகும், அதனால எல்லா ஆளையும் தடுக்கக் கத்துக்கிட்டாங்க. "இவனைத் தடை பண்ணு, அவனைத் தடை பண்ணு"ன்னு இருந்தா தெருவுல ஜெயிக்கலாம், அடுத்த தெருவுக்குப் போனா முடியாது.

வாடிப்பட்டி: கேட்டுக்கடா.

நீ ரொம்பச் சிரிக்காத. அர்ஸ்லான் கண்ணை மூடி அமுக்கலை.

கோரிப்பாளையம்: ஜிடிஏ 6 எப்ப வருது?

முதல்ல 2025-ன்னாங்க. அப்புறம் 2026 மே 26. அப்புறம் நவம்பர் 19. அதைச் செய்யற ராக்ஸ்டார்ல எனக்குச் சொந்தக்காரங்க இல்லை. முன்பணம் கேக்கிற கடைக்குக் காசு கட்டாதீங்க.

விளாங்குடி: புதுசா கல்யாணம் ஆச்சு. வீட்ல அவங்களும் சேர்ந்து ஆடணும்னு ஆசைப்படறாங்க. என்ன கேம்?

வாழ்த்துகள். இட் டேக்ஸ் டூ. 2021-ல வருஷத்தோட சிறந்த கேம்னு கேம் அவார்ட்ஸ்ல பரிசு வாங்கினது. ஒருத்தரா ஆடவே முடியாது, ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் ஒவ்வொரு இடமும் தாண்டும். ஒருத்தர் ஆணி அடிச்சா மத்தவர் அதைப் பிடிச்சுத் தொங்கணும், அந்த மாதிரி. கதையில வர்றவங்க விவாகரத்து பண்ணப் போற புருஷன் பொண்டாட்டி, பொம்மையா மாறிடறாங்க. அதைப் பார்த்துப் பயப்படாதீங்க. பயப்பட வேண்டியது ஓவர்குக்டு. சமையல் கேம்தானேன்னு எடுப்பீங்க, மூணாவது லெவல்ல "தட்டு எங்க, தட்டைக் கழுவு"ன்னு நிஜ சமையலறைச் சண்டை வரும். அதை ஆறு மாசம் கழிச்சு வாங்குங்க. ரெண்டாவது கன்ட்ரோலர் இருக்கில்ல?

எல்லீஸ் நகர்: நம்ம ஊர் சம்பந்தமா கன்சோல்ல எதுவுமே இல்லையா?

ஊருன்னா மதுரை இல்லை. தமிழ்னா இருக்கு, வெண்பா. 2023 ஜூலை கடைசியில வந்துச்சு, டொரன்டோவுல இருக்கிற விசை கேம்ஸ் செஞ்சது. ஸ்விட்ச், பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் எல்லாத்துலயும் இருக்கு. கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், அம்மாவோட சமையல் நோட்டு கிழிஞ்சு வரி அழிஞ்சு கிடக்கும், நாமதான் யோசிச்சு சமைக்கணும். இட்லித் தட்டை எப்படி அடுக்கினா ஆவி ஒழுங்காப் போகும்கிறதுதான் முதல் புதிரே! வெளிநாட்டுக்காரன் மண்டையைப் பிச்சுக்கிட்டான், எங்க அம்மா தோள் வழியா எட்டிப் பார்த்து ஒரே நொடியில சொல்லிட்டாங்க. எங்க வீட்டுல அவங்க ஜெயிச்ச ஒரே கேம். 2024-ல பிரிட்டனோட பாஃப்டா விருதுல சிறந்த அறிமுக கேம் பரிசு வாங்குச்சு. சின்னக் கேம், ஒரு சாயங்காலத்துல முடிஞ்சிடும். மகன் தமிழ்ல பேசுறதைக் குறைச்சுக்கிட்டே வர்ற இடம் மட்டும் தொண்டையில நிக்கும், சொல்லிட்டேன்.

பெரிய பட்ஜெட்ல வேணும்னா அன்சார்ட்டட் லாஸ்ட் லெகசி, 2017. மேற்குத் தொடர்ச்சி மலையில ஹொய்சாள இடிபாடுகளுக்குள்ள ஜீப் ஓட்டலாம். கோயில் தூணைப் பிடிச்சுத் தொங்கும்போதெல்லாம் எனக்குப் பதறும். யாராவது செக்யூரிட்டி விசிலடிப்பார்னு.

பேரையூர்: டிஜிட்டல் வாங்கினா லாபமா ப்ரோ? பத்தாயிரம் கம்மி.

மேல போங்க தம்பி. மேல. இன்னும் மேல.

கூடல்நகர்: ஜெயில்பிரேக் பண்ணி, கன்சோல் பூட்டை உடைச்சுத் தருவீங்களா?

இல்லை.

கூடல்நகர்: தெரிஞ்ச ஆளு யாராவது?

இல்லை.

அவனியாபுரம்: எச்டிஎம்ஐ ஒயரைப் பிடிச்சா சுர்ருங்குது. மழை நேரத்துல ஒரு தடவை டிவியில படமே வரலை.

சிரிக்கிற விஷயம் இல்லை இது. முதல்ல வீட்டு எர்த்தை எலக்ட்ரீஷியனை வச்சுப் பாருங்க. பிஎஸ்5-க்கு ரெண்டு பின் ஒயர், அதுக்குன்னு தனி எர்த் கிடையாது. டிவி, செட்டாப் பாக்ஸ், வெளியில இருந்து வர்ற கேபிள் எல்லாம் எச்டிஎம்ஐ வழியா ஒண்ணா இணையுது. எங்கயோ கசியறது உங்க விரல் வழியா வழி தேடுது. ஐப்பசி மாசம் இடி இடிக்கும்போது வெளிக் கேபிள்ல வர்ற அதிர்ச்சி நேரா கன்சோலோட எச்டிஎம்ஐ சிப்பைத்தான் அடிக்கும். மழை முடிஞ்ச வாரம் எனக்கு வர்ற கேஸ்ல பாதி இதுதான். இடின்னா சுவிட்சை அணைச்சா பத்தாது, பிளக்கு, எச்டிஎம்ஐ, கேபிள் மூணையும் பிடுங்குங்க. ஒயர் மாட்டும்போதும் எல்லாத்தையும் ஆஃப்ல வச்சு மாட்டுங்க.

அலங்காநல்லூர்: கிரிக்கெட்டுக்கு எது நல்லா இருக்கும்?

ஆளுக்கு ஆள் மாறும். கிரிக்கெட் 07-ல மனசு நிக்கிறவங்களை நான் திருத்த முடியாது. இப்ப மெல்போர்ன்ல இருக்கிற பிக் ஆன்ட் செய்யறதுதான் வழி. லைசன்ஸ் இல்லாத டீம்ல பேரெல்லாம் யாரோ மாமா பேரு மாதிரி இருக்கும், கேமுக்குள்ள இருக்கிற அகாடமியில ரசிகர்கள் செஞ்ச டீமை இறக்கிக்கங்க. வந்த உடனே வாங்காதீங்க, ரெண்டு அப்டேட் போகட்டும். முதல் மாசம் ஃபீல்டர் பந்தை விட்டுட்டு பவுண்டரி கயித்தைப் பார்த்துக்கிட்டு நிப்பான்.

வாடிப்பட்டி: அண்ணே, முடிவா ஒண்ணு. எட்டி எடுக்கலாமா, கூடாதா?

விட மாட்டீங்களா? சரி, எங்க கடைத் தீர்ப்பு: முந்தின ஆட்டத்துல தோத்தவன் எட்டியை எடுக்கலாம். ஜெயிச்சவன் எடுக்கக் கூடாது.

வில்லாபுரம்: அப்ப நான்தான் எடுக்கணும்.

வாடிப்பட்டி: அது எப்படிண்ணே! தண்டனை எனக்கா?

மேலூர்: எங்க தெருவுல இன்னும் தடைதான்.

பொன்மேனி: வீட்ல பழைய ஸ்லிம் பிஎஸ்2 ஒண்ணு கிடக்கு. அடாப்டர் காணோம். ரவுட்டர் அடாப்டர் மாட்டிப் பாக்கவா, இல்லை எடைக்குப் போட்டுடவா?

ரெண்டும் வேணாம்! அடாப்டர் வெளியில இருக்கிற ஸ்லிம்முக்கு 8.5 வோல்ட். ரவுட்டரோடது பெரும்பாலும் 12. மாட்டினா புகைதான் பாப்பீங்க. 16 கோடிக்கு மேல வித்த கன்சோல் அது, விலைன்னு ஒண்ணும் பெருசா கிடைக்காது, ஆனா இன்னும் ஓடும். டெக்கன் 5 டிஸ்க் இருக்கான்னு பாருங்க, அதுக்குள்ளயே டெக்கன் 1, 2, 3 ஆர்கேட் ஆட்டமும் சேர்ந்து வரும். அடாப்டர் என்கிட்ட ஒண்ணு சும்மா கிடக்கு. அடுத்த ஞாயிறு கன்சோலையும் கன்ட்ரோலர் ரெண்டையும் கடைக்குக் கொண்டு வாங்க. வாடிப்பட்டி, வில்லாபுரம், நீங்களும் வாங்க. தோத்தவன் எல்லாருக்கும் பருத்திப்பால் வாங்கணும், அதைக் குடிச்ச கையைக் கழுவிட்டுத்தான் என் கன்ட்ரோலரைத் தொடணும்.